குழாய் நுழையும் ஓட்டையைப் பாருங்கள்: சமையலறைக் கேபினட் தகராறுகளில் நான் கண்டவை

சிங்கப்பூரின் பொங்கோலில் ஒரு நான்கறை பிடிஓ வீடு, அதாவது அரசு கட்டி விற்கும் புது அடுக்குமாடி வீடு. குடிபுகுந்து ஏழு மாதம்தான் ஆகியிருந்தது. வீட்டுக்கார அம்மா சிங்க்குக்கு அடியில் இருந்த கதவைத் திறந்து, "பாருங்கள் சார், புளித்த இட்லி மாவு மாதிரி பொங்கி நிற்கிறது" என்றார்.

அவர் சொன்னது மிகையில்லை. பெட்டியின் அடிப்பலகை நடுவில் உப்பியிருந்தது. மேலே ஒட்டியிருந்த லேமினேட் தாள் வெடித்து, கதவின் கீல் ஒரு பக்கம் பிடி விட்டுத் தொங்கியது. டார்ச் விளக்கை எடுத்து, குழாய் நுழைவதற்காகப் பலகையில் வெட்டிய ஓட்டையின் விளிம்பைப் பார்த்தேன். பிளைவுட்டாக இருந்தால் அந்த வெட்டில் மெல்லிய மரத்தகடுகள் அடுக்கடுக்காகத் தெரியும். அங்கே தெரிந்தவை பசையில் கெட்டிப்படுத்திய மரச்சில்லுகள். சிப்போர்டு.

"பிளைவுட்தான் போடுகிறேன் என்று கேபினட் வேலையை எடுத்துச் செய்த குத்தகையாளர் சொன்னாரே!" என்றார் கணவர்.

"எதிலாவது எழுதிக் கொடுத்தாரா?" என்று கேட்டேன். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

புதுப்பிப்புப் பணித் தளங்களில் பல ஆண்டுகள் மேற்பார்வையாளராக இருந்துவிட்டு, இப்போது முடிந்த வேலைகளைச் சோதித்து அறிக்கை எழுதித் தருகிறேன். வீட்டுக்காரர்களும் அழைக்கிறார்கள், சில நேரம் குத்தகையாளர்களும் அழைக்கிறார்கள். சமையலறைச் சண்டைகளில் பெரும்பாலானவை விலைப்பட்டியலில் கையெழுத்துப் போட்ட அன்றே தொடங்கிவிடுகின்றன என்பதை அந்த அனுபவத்தில் சொல்கிறேன். பலகை உப்பும்போதுதான் அது நம் கண்ணுக்குத் தெரிகிறது.

அந்த வீட்டின் விலைப்பட்டியலை வாங்கிப் படித்தேன். சமையலறைக்கு ஒரே ஒரு வரி: "மேல், கீழ் கிச்சன் கேபினட், லேமினேட் பூச்சு, 22 ஓட்ட அடி." பக்கத்தில் ஒரு தொகை. ஓட்ட அடி என்றால் சுவரோரமாக அளக்கும் நீளம். எந்தப் பலகை, எத்தனை மில்லிமீட்டர் கனம், என்ன கீல், வெட்டு விளிம்புக்கு என்ன பட்டை, சிங்க் பெட்டிக்கு ஈரம் தாங்கும் ஏற்பாடு உண்டா, எதுவும் இல்லை. லேமினேட் என்ற சொல்லைப் பார்த்ததும் பலரும் பலகையே அதுதான் என்று நினைத்துக்கொள்கிறார்கள். லேமினேட் வெறும் மேல்தோல். அதற்குள் பிளைவுட்டும் இருக்கலாம், சிப்போர்டும் இருக்கலாம். கதவைச் சாத்திவிட்டால் இரண்டும் ஒன்றுபோலவே பளபளக்கும்.

சிப்போர்டு என்றாலே மோசடி என்று சொல்ல மாட்டேன். உலர்ந்த அறையில் துணி அலமாரிக்கு அது ஆண்டுக்கணக்கில் உழைக்கும், விலையும் குறைவு. ஆனால் தண்ணீர் வெட்டு விளிம்பு வழியாக உள்ளே போனால் சில்லுகள் உப்பும். உப்பியது காய்ந்தாலும் பழைய கனத்துக்குத் திரும்பாது. திருகாணிக்குப் பிடிமானமும் போய்விடும். அதனால்தான் அந்தக் கீல் தொங்கியது. பிளைவுட் இதைவிட நன்றாகத் தாங்கும் என்றாலும், அதன் விளிம்பையும் அடைக்காமல் விட்டால் அடுக்குகள் பிரியும். நம் வீடுகளில் சமையலறை படும் பாட்டையும் யோசியுங்கள். காலையிலிருந்து இரவு வரை ஆவி, தாளிக்கும் எண்ணெய், சிங்க்கில் ஊறும் பெரிய பாத்திரங்கள், வெள்ளிக்கிழமை தோறும் தரையில் தண்ணீர் ஊற்றிக் கழுவும் பழக்கம், அலமாரித் தட்டில் ஏற்றி வைக்கும் பத்துக் கிலோ கிரைண்டர். இதையெல்லாம் குத்தகையாளரிடம் முதல் நாளே சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால், பிறகு அவர் "தண்ணீர் ஊற்றிக் கழுவினீர்கள், அதனால் கெட்டது" என்பார். அந்த வாதத்தை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். சில வீடுகளில் அது உண்மையாகவும் இருந்தது.

ஓட்ட அடிக் கணக்கிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. 'ட' வடிவச் சமையலறையில் இரண்டு சுவர்களையும் முழுநீளத்துக்கு அளந்தால் மூலை இரண்டு தடவை கணக்கில் வரும். மூலைப் பெட்டி செய்வது கூடுதல் வேலை என்பதால் அப்படிக் கணக்கிடுகிறேன் என்று ஒரு குத்தகையாளர் சொன்னால் அதில் நியாயம் இருக்கலாம். ஆனால் அதை முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். அளவு நாடாவை வீட்டுக்காரரும் ஒரு முனையில் பிடித்துக்கொண்டு அளந்தால், இந்தச் சண்டை பாதியிலேயே நின்றுவிடும்.

பலர் வெளியே சொல்லத் தயங்கும் ஒரு காரணத்தையும் சொல்லியாக வேண்டும். பால் காய்ச்சும் நாள். ஐயரிடம் நாள் குறித்து, உறவினர்களுக்கெல்லாம் சொல்லி முடித்த பிறகு, கேபினட் கதவுகள் இன்னும் ஜோகூரிலிருந்து வரவில்லை என்று செய்தி வரும். "மீதிப் பணத்தைக் கொடுத்தால் இரண்டு நாளில் முடித்துவிடுகிறோம் அக்கா" என்பார்கள். அந்த நாள் தவறக்கூடாது என்ற பதைப்பில் முழுத் தொகையும் கைமாறிவிடும். தீபாவளிக்கு முந்தைய வாரங்களிலும் இதே கதைதான். பொங்கோல் வீட்டிலும் நடந்தது இதுவே. ஒப்பந்தத்தில் கடைசித் தவணை வேலை முடிந்த பிறகு என்று இருந்தும், குடிபுகும் நாளுக்கு மூன்று நாள் முன்னதாகவே கொடுத்துவிட்டார்கள். அடுப்பும் சிங்க்கும் பொருத்தியிருந்தால் பால் காய்ச்சலாம். மேல் கேபினட் கதவு ஒரு வாரம் கழித்து வந்தாலும் பால் பொங்கத்தான் செய்யும். கடைசித் தவணையை மட்டும், குழாயைத் திறந்து தண்ணீர் ஓடவிட்டு, ஒவ்வொரு கதவையும் திறந்து மூடிப் பார்த்த பிறகே கொடுங்கள். அந்தத் தொகை கையில் இருக்கும்வரைதான் உங்கள் தொலைபேசி அழைப்பை உடனே எடுப்பார்கள்.

குத்தகையாளர் பக்கத்தையும் சொல்லாவிட்டால் நான் நேர்மையற்றவன் ஆகிவிடுவேன். உட்லண்ட்ஸ் வட்டாரத்தில் ஒரு வீட்டுக்கு, எட்டாயிரம் சிங்கப்பூர் வெள்ளிக்குமேல் பணம் வரவில்லை என்று ஒரு தமிழ்க் குத்தகையாளர் என்னை அழைத்துப் போனார். அடுப்பு இருக்கும் இடத்தைப் பலகை வெட்டிய பிறகு வீட்டுக்காரர் மாற்றச் சொல்லியிருக்கிறார். புகைபோக்கியை இணையத்தில் தனியாக வாங்கி, அது மேல் கேபினட்டுக்கு இடையில் நுழையவில்லை என்று கோபித்திருக்கிறார். குவார்ட்ஸ் மேடையை, கீழ்ப் பெட்டிகள் நின்ற பிறகுதான் அளந்து வெட்ட முடியும்; அந்த இடைவெளியில் கழிந்த நாள்களையும் தாமதம் என்று எழுதியிருக்கிறார். எல்லாவற்றுக்கும் குத்தகையாளர் "சரிண்ணே" என்று தலையாட்டியிருக்கிறார். கூடுதல் செலவு எவ்வளவு என்று ஒரு வரிகூட எழுதி அனுப்பவில்லை. முகத்தாட்சண்யம் நம்மவர்களுக்கு நிறைய. ஊர்க்காரர், கோவிலில் பார்ப்பவர், நண்பரின் மைத்துனர் என்று வேலை தொடங்கும்போது பேச்சே போதும் என்று நினைக்கிறோம். அந்த உறவை முறிக்கப்போவதும் அதே எழுதாத பேச்சுதான்.

சரி, சண்டை வந்துவிட்டது. இப்போது என்ன செய்ய வேண்டும்?

முதலில், எதையும் கழற்றாதீர்கள். நான் பார்த்த தவறுகளில் மிகப் பெரியது இதுதான். ஆத்திரத்தில் வேறொருவரை அழைத்துப் பழைய பெட்டிகளை உடைத்து எறிந்துவிட்டுப் புதியது போட்ட பிறகு, செலவுச் சீட்டோடு நியாயம் கேட்டு வருகிறார்கள். குறை என்ன என்று காட்டப் பலகையே இல்லை. அளவு நாடாவைப் பக்கத்தில் வைத்துப் படம் எடுங்கள். ஓட்டை விளிம்பையும், கதவில் கீல் உட்காரும் 35 மில்லிமீட்டர் வட்டக் குழியையும் படம் எடுங்கள். உள்ளே என்ன பலகை என்பதை அவை இரண்டும் காட்டிக்கொடுக்கும். பிறகு, குறைகளை எண் போட்டு எழுதி, திருத்தித் தர இரண்டு வார அவகாசம் கொடுத்து, குத்தகையாளருக்கு அனுப்புங்கள். கதவு கோணலாக நிற்பதைக் கீலின் திருகாணியைத் திருப்பிச் சில நிமிடத்தில் சரிசெய்யலாம். அதையும் உப்பிய பலகையையும் ஒரே எடையில் வைத்து எழுதினால், உங்கள் பெரிய குறையும் சின்னதாகத் தெரியும். அவர் வர மறுத்தால், திருத்த எவ்வளவு ஆகும் என்று வேறு இருவரிடம் எழுத்தில் விலை வாங்குங்கள். ஃபேஸ்புக்கில் படம் போட்டுத் திட்டினால் மனம் ஆறலாம். ஆனால் சமரசத்துக்கு வர வேண்டியவர் அதோடு வாசலை அடைத்துக்கொள்வார்.

"அவர் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) குத்தகையாளர் பட்டியலில் இருக்கிறாரே, வீவகவிடம் சொன்னால் தட்டிக்கேட்காதா?" என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். சுவரை இடிப்பது போன்ற வேலைகளை அனுமதி பெற்று, விதிப்படி செய்வதற்காக உள்ள பட்டியல் அது. கேபினட்டின் தரத்துக்கு வீவக உத்தரவாதம் தருவதில்லை; உங்களுக்கும் குத்தகையாளருக்கும் இடையிலான ஒப்பந்தம் தனியார் விவகாரம். முன்பணம் பற்றிய கவலை இருந்தால், வேலை தருவதற்கு முன்பே, பயனீட்டாளர் சங்கத்தின் கேஸ்டிரஸ்ட் அங்கீகாரம் பெற்ற நிறுவனமா, முன்பணத்துக்குப் பாதுகாப்பு உண்டா என்று பார்ப்பது நல்லது. தகராறு வந்த பிறகும் அந்தச் சங்கத்தை நாடலாம். சமரசத்துக்கு வழி செய்வார்கள்.

அதற்கும் மசியவில்லை என்றால் இருப்பது சிறு உரிமைக்கோரல் நடுவர் மன்றம். அரசு நீதிமன்ற வளாகத்தில், ஹேவ்லாக் சதுக்கத்தில் இயங்குகிறது. 20,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை விசாரிக்கும். இரு தரப்பும் எழுத்தில் ஒப்புக்கொண்டால் 30,000 வரை போகலாம். 2019 நவம்பருக்கு முன்பு இந்த வரம்புகள் முறையே 10,000, 20,000 வெள்ளிதான். தகராறுக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் பதிவு செய்துவிட வேண்டும். "வருகிறேன், வருகிறேன்" என்று குத்தகையாளர் இழுத்தடிக்கும்போது நாள்காட்டியைப் பார்த்துக்கொண்டே இருங்கள். தனிநபர் தொடுக்கும் 5,000 வெள்ளிக்கு உட்பட்ட கோரிக்கைக்குக் கட்டணம் 10 வெள்ளி, 10,000 வரை 20 வெள்ளி, அதற்கு மேல் ஒரு விழுக்காடு. இணையத்திலேயே பதியலாம். வழக்கறிஞர்கள் வாதாட அனுமதி இல்லை என்பது எளிய மக்களுக்கு எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை நான் நேரில் கண்டிருக்கிறேன். முதலில் பதிவாளர் முன்னிலையில் கலந்தாலோசனை நடக்கும். உடன்பாடு வராவிட்டால்தான் விசாரணை. மன்றம் பணம் தரச் சொல்லியும் உத்தரவிடலாம், வேலையைத் திருத்தித் தரச் சொல்லியும் உத்தரவிடலாம். பணம் வராத குத்தகையாளரும் இதே வாசலுக்கு வரலாம் என்பதை மறக்காதீர்கள். குறை இருக்கிறது என்று மொத்தப் பணத்தையும் நிறுத்திவைப்பது எப்போதும் நல்ல யோசனை அல்ல.

இன்னொன்று, யார்மீது கோரிக்கை என்பதைச் சரியாக எழுத வேண்டும். பேசியவர் ஒருவர், விலைப்பட்டியலில் உள்ள நிறுவனம் வேறு, பணம் போன வங்கிக் கணக்கு இன்னொருவருடையது என்றால் சிக்கல். வேலை தருவதற்கு முன்பே, நிறுவனத்தின் பெயரைப் பதிவேட்டில் தேடி, அது இன்னும் இயங்குகிறதா என்று பார்த்துவிடுங்கள். மூடிவிட்ட நிறுவனத்துக்கு எதிராகக் கிடைக்கும் உத்தரவை வைத்துக்கொண்டு பலகை வாங்க முடியாது.

பொங்கோல் தம்பதியிடம் பிளைவுட் பற்றி எழுத்தில் எதுவும் இல்லை என்று சொன்னேன் அல்லவா? இரண்டு நாள் கழித்துக் கணவர் அழைத்தார். மேசை இழுப்பறையில் கிடந்த பழைய கைப்பேசியில் ஒரு குரல்பதிவு இருந்திருக்கிறது. வாட்ஸ்அப்பில் வந்தது. "அண்ணே, பலகையைப் பற்றிக் கவலையே வேண்டாம், உங்கள் வீட்டுக்கு முழுக்க பிளைவுட்தான்." அவ்வளவுதான். அதைத் தமிழில் வரிக்கு வரி எழுதி, ஆங்கில மொழிபெயர்ப்பும் செய்து சேர்க்கச் சொன்னேன். என் அறிக்கை, பத்துப் படங்கள், 1,850 வெள்ளிக்கான திருத்தச் செலவு மதிப்பீடு. பத்து வெள்ளி கட்டிப் பதிந்தார்கள்.

கலந்தாலோசனையில் குரல்பதிவு ஒலித்ததும் குத்தகையாளர் மறுக்கவில்லை. பட்டறைக்காரர் மாற்றிப் போட்டுவிட்டார், தான் கவனிக்கவில்லை என்றார். அது உண்மையா என்று எனக்குத் தெரியாது. சிங்க் பெட்டியையும் அதை ஒட்டிய இரண்டு பெட்டிகளையும் 18 மில்லிமீட்டர் பிளைவுட்டில் மாற்றித் தருவதாக உடன்பாடு ஆயிற்று. இந்தமுறை அது எழுத்தில் இருந்தது.

மாற்றும் நாளில் என்னையும் வரச் சொன்னார்கள். பழைய அடிப்பலகையைத் தூக்கியபோது அது கையிலேயே இரண்டாக உடைந்தது. புதிய பலகையில் குழாய்க்கு ஓட்டை போட்டு, வெட்டு விளிம்பு முழுக்க சிலிக்கோன் பூசினார் வேலைக்கார இளைஞர். வீட்டுக்கார அம்மா டார்ச் விளக்கை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, குனிந்து, அந்த விளிம்பில் தெரிந்த அடுக்குகளை ஒவ்வொன்றாக எண்ணினார்.