ஏரோபாட்டிக்ஸ்: சாகசமா, கரணமா?

விமானம் வானத்தில் குப்புறத் திரும்பினாலே 'விமான சாகசம்' என்று எழுதிவிடுகிறோம். ஏரோபாட்டிக்ஸுக்குத் தமிழில் நிலைத்துவிட்ட பெயர் அது. எனக்கு அதில் மனக்குறை உண்டு.

கிரேக்கத்தில் 'அக்ரோஸ்' என்றால் நுனி, உச்சி. 'பைனெய்ன்' என்றால் நடத்தல். இரண்டும் சேர்ந்து பிறந்த 'அக்ரோபாட்' நுனிக்காலில் நடப்பவர். நம் கழைக்கூத்தாடிக்கு உறவுக்காரர். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், 'அக்ரோபாட்டிக்ஸ்' என்ற சொல்லின் தலையை எடுத்துவிட்டு அங்கே காற்றைக் குறிக்கும் 'ஏரோ'வை ஒட்டினார்கள். மிஞ்சிய வாலில் இன்னும் நடை இருக்கிறது. காற்றில் நடப்பது! இந்தச் சொல்மீது விமானக்காரர்களுக்குத் தனிப் பிரியம். 1964-இல் அமெரிக்காவில் வந்த 'சிடாப்ரியா' என்ற இரண்டு இருக்கை விமானத்தின் பெயரை ஆங்கில எழுத்தில் கடைசியிலிருந்து படித்தால் 'ஏர்பாட்டிக்' என்று வரும்.

சரி, பொருள் என்ன? விமானத்தின் நிலையைத் திடீரென மாற்றுவது, வழக்கத்துக்கு மாறான நிலையில் வைப்பது, அல்லது வேகத்தை வழக்கத்துக்கு மாறாகக் கூட்டிக் குறைப்பது, இவற்றில் ஒன்றை வேண்டுமென்றே செய்வது என்கின்றன பன்னாட்டு வான்போக்குவரத்து விதிகள். இதில் துணிச்சலைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை. 'வேண்டுமென்றே' என்பதுதான் உயிர்.

சாகசமோ 'ஸாஹஸ' என்ற வடசொல்லின் வழி வந்தது. முரட்டுத் துணிச்சல், யோசிக்காமல் பாய்வது என்ற வாடை அதில் உண்டு. 1913 செப்டம்பரில் கீவ் நகரில் ரஷ்ய ராணுவ விமானி பியோத்தர் நெஸ்தெரொவ், விமானத்தை மேலும் கீழுமாக ஒரு முழு வட்டம் அடிக்கவைத்து உலகின் முதல் வளையத்தைப் போட்டபோது அவருடைய அதிகாரிகள் அப்படித்தான் பார்த்தார்கள். அரசுச் சொத்தை ஆபத்தில் மாட்டினார் என்று காவலில் வைத்தார்கள். ஆனால் அவர் கணக்குப் போட்டுத்தான் அந்த வேலையில் இறங்கினார். பிறகு அவருக்குப் பதவி உயர்வும் கிடைத்தது.

இது கணக்கு வேலை என்பது பழைய சின்ன விமானங்களைப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். 1931-இல் முதலில் பறந்த டைகர் மாத் இரட்டை இறக்கை விமானத்தின் இன்ஜின் 130 குதிரைத்திறன்தான். அதை வைத்து நேராக மேலே ஏறிவிட முடியாது. முதலில் மூக்கைத் தாழ்த்தி, உயரத்தைக் கொடுத்து வேகம் வாங்க வேண்டும்; அப்புறம்தான் வளையம். பெட்ரோலைக் காற்றோடு கலந்து இன்ஜினுக்குத் தரும் கார்புரேட்டரோ மிதவை வைத்தது. தலைகீழாகவே பறந்தால் பெட்ரோல் வராமல் இன்ஜின் அடங்கிவிடும். ஆனால் வளையம் சரியாக விழுந்தால், சுழற்றிய வாளியில் தண்ணீர் நிற்பதுபோல, உச்சியிலும் எரிபொருள் அதன் இடத்திலேயே நிற்கும். வளையத்தின் இறுக்கம் தளர்ந்தால் இன்ஜின் திக்கும். விமானி தன் தவறைக் காதாலேயே கேட்டுவிடலாம்.

ஓடிவந்து, வேகம் சேர்த்து, உடலைச் சுருட்டிப் புரண்டு, மறுபடி காலில் நிற்பதற்கு நம்மிடம் பெயர் இருக்கிறதே: கரணம். குட்டிக்கரணம் போடாத பிள்ளை உண்டா? இதுவும் வடமொழி வழி வந்ததுதான். 'செய்' என்று பொருள்படும் வேரிலிருந்து பிறந்து, நாட்டியத்தில் 108 கரணங்களாக வகுக்கப்பட்டது. வகுத்ததும் பயின்றதும் என்ற பொருள் அதில் ஊறியிருக்கிறது. 'கரணம் தப்பினால் மரணம்' என்ற பழமொழி ஆபத்தையும் மறைப்பதில்லை. அதனால் ஏரோபாட்டிக்ஸ் என்பதற்கு 'வான்கரணம்' என்பேன். வான்சாகசம், கூட்டம் பார்த்துக் கைதட்டும் ஏர் ஷோவுக்கு இருக்கட்டும்.

லூப் வளையக் கரணம், ரோல் உருள் கரணம் என்று மற்றவையும் எளிதாக அமைகின்றன. விமானம் சுழன்றபடியே கீழே விழும் ஸ்பின்னில் மட்டும் கவனம் வேண்டும். விமானி தானே நுழைந்து, நினைத்த சுற்றில் வெளியே வந்தால் அது சுழல் கரணம். வேகம் குறைந்து தானாக அதில் விழுந்தால் வெறும் சுழல் வீழ்ச்சி.