தோலில் பூ செதுக்க ஏன் இவ்வளவு நாள் ஆகிறது?

பெல்ட்டிலோ பையிலோ பூவேலை வேண்டும் என்று வருபவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "சின்ன துண்டுதானே, நாளைக்குள் முடியாதா?" முடியாது. காரணம் சுத்தியல் வேலை மட்டும் இல்லை. அதைவிடப் பெரிய காரணம் தோலுக்குள் இருக்கும் தண்ணீர்.

எல்லாத் தோலிலும் பூ செதுக்க முடியாது. மரப்பட்டைச் சாற்றில் பதனிட்ட தோல்தான் இதற்கு வேண்டும். ஈரமாக இருக்கும்போது அதன் நார்கள் அழுத்தத்துக்கு இணங்கும், காய்ந்த பிறகு அந்த வடிவத்தைப் பிடித்துக்கொள்ளும். குரோம் உப்பில் பதனிட்ட மென்மையான தோல் அழுத்தினாலும் மெல்லப் பழைய நிலைக்கே மீண்டுவிடும். பெல்ட் போன்றவற்றுக்கு 3 முதல் 4 மில்லிமீட்டர் தடிமன் இருந்தால் நல்லது, ஆழம் கிடைக்கும்.

முதலில் தோலை நனைத்து, பிளாஸ்டிக் உறைக்குள் மூடி, பல சமயம் இரவு முழுக்க வைத்துவிடுவோம். ஈரம் உள்வரை ஒரே சீராகப் பரவ வேண்டும். அப்புறம் வெளியே எடுத்து மறுபடி காத்திருப்பு. மேல்பரப்பின் நிறம் ஏறக்குறைய காய்ந்த தோலின் நிறத்துக்குத் திரும்பியிருக்க வேண்டும். ஆனால் புறங்கையை வைத்தால் குளிர்ச்சி தெரிய வேண்டும். அதுதான் பதம். ஈரம் கூடினால் அடித்த தடம் குழைந்து மங்கிவிடும். குறைந்தால் கத்தி இழுபடும், தடம் ஆழமாக விழாது. சரியான பதத்தில், சுத்தியலால் அடித்துத் தடம் பதிக்கும் உளி பட்ட இடம் தானாகவே கரும்பழுப்பாக மாறும். சாயம் எதுவும் இல்லாமல் வரும் அந்த நிறம்தான் கைவேலையின் அழகு என்பேன். இந்தப் பதமும் வேலை முடியும்வரை நிற்காது. பெரிய துண்டு என்றால் நடுநடுவே நிறுத்தி, ஈரப்படுத்தி, மூடி வைத்துவிட்டுத்தான் தொடர முடியும். அவசரத்தில் முதலில் அடிபடுவது இந்தக் காத்திருப்புதான். ஓரங்கள் மழுங்கிய பூவேலையைப் பார்த்தால் அதை உடனே கண்டுபிடித்துவிடலாம்.

கோடு வெட்டுவது சுழல்கத்தியால். ஆள்காட்டி விரல் மேலே அழுத்த, மற்ற விரல்கள் கத்தியின் உடலை உருட்டி வளைவுகளைத் திருப்பும். தோலின் தடிமனில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதிவரைதான் வெட்டு இறங்கலாம். கத்தியை அடிக்கடி தோல்பட்டையில் தீட்டாவிட்டால் வளைவில் இழுத்து, கோடு பிசிறும். வெட்டியதை அழிக்க வழியே இல்லை.

அடுத்தது, வெட்டின் ஒரு பக்கத்தைச் சரிவாக அமுக்கி, இதழை மேலெழுந்ததுபோல் காட்டும் வேலை. உளியைத் துளித்துளியாக நகர்த்தி, முந்தைய தடத்தின் மேலேயே அடுத்த அடி விழும்படி அடிக்க வேண்டும். அடியின் பலம் மாறினால் தடம் படிக்கட்டுபோல் மேடுபள்ளமாகத் தெரியும். ஒரு விரல் நீளக் கோட்டுக்கே எத்தனையோ அடிகள். அதன் பிறகு இதழுக்குள் நிழல், இலைக்கு நரம்பு, பூவின் நடுவே விதைகள், கடைசியில் பின்னணி. பூக்களுக்கு இடையே உள்ள சின்னச் சின்ன இடைவெளிகளை எல்லாம் நுண்புள்ளிகளால் அமுக்கி நிரப்புவதுதான் பின்னணி வேலை. யாரும் கவனிக்காத வேலை, ஆனால் கையை அதிகம் களைக்க வைப்பது இதுதான். அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் உள்ள ஷெரிடன் ஊரின் பெயரால் அழைக்கப்படும் பாணியில் வட்டவட்டமாகச் சுழலும் தண்டுகளுக்குள் பூக்கள் நெருக்கமாக இருக்கும். அங்கே இந்த இடைவெளிகள் இன்னும் சிறுத்துவிடும்.

எல்லாம் முடிந்த பிறகு அலங்கார வெட்டுகள். இவற்றுக்குப் பெரும்பாலும் வரைந்த கோடு கிடையாது, கண்மதிப்பில் கத்தியை இழுத்து மெல்லத் தூக்க வேண்டும். கை களைத்திருந்தால் அன்று நிறுத்திவிடுவதே சரி. இந்தக் கட்டத்தில் ஒரு வெட்டு தவறினால் அதுவரை செய்த வேலை முழுக்க வீண்.

கருங்கல் பலகை மேல் மணிக்கணக்கில் அடிக்கும் சத்தம் காதுக்குக் கெடுதல். மணிக்கட்டும் கழுத்தும் வலிக்கும். ஸ்பிரிட் கலந்த சாயங்களுக்குக் காற்றோட்டம் கட்டாயம். புதிதாகக் கற்பவர்கள் காதுக்கவசத்தையும் இடைவேளையையும் முதல் நாளிலிருந்தே பழகிக்கொள்ளுங்கள். இரும்புத் தூள் ஈரத்தோலில் பட்டால் கருநீலக் கறை விழும், அதனால் மேசையையும் துடைத்து வையுங்கள்.

வாங்குபவர்களுக்கு ஒன்று. தகட்டால் இயந்திரத்தில் அழுத்திய பூவேலையும் கடைகளில் கிடைக்கிறது. அதில் தவறில்லை, அதைக் கைவேலை என்று விற்பதுதான் தவறு. தோலை லேசாக வளைத்துப் பாருங்கள். கைவேலையில் கோட்டில் உண்மையான வெட்டு திறக்கும், ஒரு பூ இன்னொரு பூவைப்போல் அச்சாக இருக்காது. அழுத்தியதில் பொதுவாக வெட்டு இருக்காது, பள்ளம் மட்டும் மொழுமொழுவென்று இருக்கும். அதே பூ இம்மி மாறாமல் திரும்ப வரும்.

வாங்கிய பிறகு பள்ளங்களில் சேரும் தூசியை மென்மையான பிரஷ்ஷால் தட்டுங்கள். நனைந்துவிட்டால் வெயிலிலோ ஹீட்டர் அருகிலோ வைக்காமல் நிழலில் காயவிடுங்கள். எண்ணெய் மிகக் கொஞ்சம் போதும்.

ஆர்டர் கொடுக்கும்போது, பெயரோ எழுத்தோ சேர்க்க வேண்டுமென்றால் காகிதத்தில் வரைந்து காட்டும்போதே எழுத்துக்கூட்டைச் சரிபார்த்துவிடுங்கள். கத்தி தோலைத் தொட்ட பிறகு மாற்றம் கேட்டால், புதுத் துண்டை நனைத்து முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.