கோப்பில் தூங்கும் குழு

"எங்க கம்பெனியில அந்த மாதிரிப் பிரச்சினையே கிடையாது மேடம்." எந்த நிறுவனத்துக்குப் போனாலும் முதலில் காதில் விழுவது இதுதான். சரி, இல்லாமலே இருக்கட்டும். ஆனால் பத்துப் பேர் வேலை செய்யும் இடமென்றால், பணியிடப் பாலியல் துன்புறுத்தலை விசாரிக்க உள்ளகக் குழு ஒன்று இருந்தே ஆக வேண்டும். 2013ஆம் ஆண்டுச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. தினக்கூலிக்காரர், ஒப்பந்தக்காரர் மூலம் வந்தவர், பயிற்சிக்கு வந்த மாணவி எல்லாருமே அதன் கண்ணில் ஊழியர்கள்தான்.

ஒரு நடுத்தரத் துணி நிறுவனத்தில், புகார் வந்த பிறகுதான் என்னைக் கூப்பிட்டார்கள். கோப்பைத் திறந்தால் குழு அமைத்த ஆணை பத்திரமாக இருந்தது. அதில் தலைவராகப் போட்டிருந்த அம்மாவுக்குத் தான் தலைவர் என்பதே தெரியாது! ஐந்து உறுப்பினர்களில் நான்கு பேர் ஆண்கள். பாதிப்பேராவது பெண்களாக இருக்க வேண்டும். வெளி உறுப்பினராகப் பெண்கள் பிரச்சினைகளில் அனுபவமுள்ளவரைப் போட வேண்டிய இடத்தில் கம்பெனி ஆடிட்டர். ஒருவர் மூன்று ஆண்டுகளுக்கு மேல் உறுப்பினராக நீடிக்கவும் முடியாது. அந்தக் கணக்கும் எப்போதோ தாண்டியிருந்தது.

இதைவிடப் பெரிய சிக்கல், மேலாளர் அதற்குள் புகார் கொடுத்த பெண்ணையும் புகாருக்கு ஆளானவரையும் அறைக்குள் கூப்பிட்டுப் 'பேசி முடித்து' விட்டிருந்தார். அந்தப் பெண்ணுக்கு ஒரு மாதச் சம்பளம், ஒரு வாரம் லீவு. நல்ல எண்ணத்தில்தான் செய்தார் என்று இன்றும் நம்புகிறேன். சமரசத்துக்குச் சட்டத்திலேயே இடம் உண்டு. ஆனால் அதைக் கேட்க வேண்டியது பாதிக்கப்பட்ட பெண். செய்து வைக்க வேண்டியது குழு. பணத்தை வைத்துச் சமரசம் பேசவே கூடாது.

புதிதாகக் குழு அமைத்து முதலிலிருந்து தொடங்கினோம். விசாரணைக்கு 90 நாள், அது முடிந்து அறிக்கை தர 10 நாள், அதன்மேல் நடவடிக்கை எடுக்க நிர்வாகத்துக்கு 60 நாள். குழு இல்லையென்றால் அபராதம் ரூ.50,000 வரை. "அவ்வளவுதானா?" என்று சிரித்த முதலாளிகளையும் பார்த்திருக்கிறேன். இரண்டாவது முறை மாட்டினால் அது இரட்டிப்பாகும், தொழில் உரிமத்துக்கே ஆபத்து என்றதும் சிரிப்பு நின்றுவிடும். முதலாளி மீதே புகார் என்றால், அந்தப் பெண் மாவட்ட அளவிலான குழுவிடம் போகலாம்.

குழு அமைத்த ஆணையை எல்லார் கண்ணிலும் படும்படி ஒட்டவும் வேண்டும். போகும் இடங்களில் முதலில் அதைத்தான் தேடுவேன். பல இடங்களில் அது எம்.டி. அறைக்குள் மாட்டியிருக்கும்.