சிவதீரியம்: சிவனும் ஒரு விலங்கும்

சிவதீரியம் (Sivatherium) என்ற அழிந்துபோன விலங்கின் பெயர் பாதி வடமொழி, பாதி கிரேக்கம். முன்பாதி சிவன், பின்பாதி 'தேரியோன்', கிரேக்கத்தில் காட்டு விலங்கு. அது 'தீரியம்' என்று லத்தீன் உருவம் பெற்று, அழிந்துபோன பாலூட்டிகளின் பெயர்களில் வாலாக ஒட்டிக்கொண்டது. மெகாதீரியம், காலிகோதீரியம் எல்லாம் அதே வால்தான்.

பெயர் சூட்டியவர்கள் ஹக் ஃபால்கனரும் புரோபி காட்லியும், ஆண்டு 1836. முன்னவர் சகாரன்பூர் தாவரவியல் தோட்டத்தைக் கவனித்தவர், பின்னவர் பிற்பாடு கங்கைக் கால்வாயை வெட்டிய பொறியாளர். புதைபடிவம் கிடைத்த இடம் இமயமலை அடிவாரத்துச் சிவாலிக் மலை, மார்க்கண்டா ஆற்றுப் பள்ளத்தாக்கு. மலையின் பெயரிலேயே சிவன். ஆற்றின் பெயரில் அவர் எமனிடமிருந்து காத்த மார்க்கண்டேயர். திருக்கடையூர்க்காரர்கள் ரசிப்பார்கள்.

கிடைத்த மண்டையோடு அவர்களைக் குழப்பியது. கண்களுக்கு மேலே கூம்பு போல இரண்டு சிறு கொம்புகள், பின்னால் அகன்று விரிந்த இரண்டு பெரிய கொம்புகள். மூக்கெலும்பு தூக்கி நின்றதால் தும்பிக்கை இருந்திருக்கும் என்று ஃபால்கனர் எண்ணினார். பற்களோ அசைபோடும் பிராணியின் பற்கள். உண்மையில் அது குட்டைக் கழுத்தும் தடித்த உடலும் கொண்ட, ஒட்டகச்சிவிங்கியின் உறவு. 2016இல் வந்த கணக்கு, எடையைச் சுமார் 1,200 கிலோ என்கிறது. பின்னர் இதே குடும்பத்துக்குப் பிரமதீரியம், விஷ்ணுதீரியம் என்றும் பெயர்கள் வந்து மும்மூர்த்திகளும் நிறைந்துவிட்டார்கள்!

தமிழில் என்ன சொல்வது? 'சிவ ஒட்டகச்சிவிங்கி' வேண்டாம்; படிப்பவர் மனத்தில் உடனே நீண்ட கழுத்து வந்து நிற்கும். 'சிவமா' அழகான சொல். "மாவும் மாக்களும் ஐயறிவினவே" என்ற தொல்காப்பிய 'மா' விலங்குதான். அரிமாவில் இருப்பதும் அதுவே. ஆனால் தனியே எழுதினால் 'சிவமா?' என்று கேள்வி கேட்பதுபோல் ஒலிக்கிறது. அதனால் என் தேர்வு சிவவிலங்கு. அறிவியல் பேரினப் (genus) பெயராக எழுதும்போது மட்டும் சிவதீரியம் என்றே எழுதலாம்.

இதன் வகையைக் குறிக்கக் 'குளம்பி' என்ற நல்ல சொல் உண்டு. அதைக் காபிக்குத் தாரை வார்த்துவிட்டதால், இப்போதைக்குக் 'குளம்புள்ள விலங்கு' என்றே எழுத வேண்டியிருக்கிறது.