மாமாவும் சித்தப்பாவும் ஒரே ‘அங்கிள்’ ஆன கதை

ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி இங்கிலாந்துல அப்பாவோட அண்ணன் தம்பிக்கு ‘ஃபேடெரா’ன்னு பேரு, அம்மாவோட அண்ணன் தம்பிக்கு ‘ஏயம்’னு பேரு. அப்பா கூடப்பொறந்த அக்கா தங்கச்சி ‘ஃபாது’, அம்மா கூடப்பொறந்தவங்க ‘மோட்ரியெ’. பெரியப்பா சித்தப்பான்னு மூத்தவர் இளையவர் பாக்கற பழக்கம் அதுல இல்ல, ஆனா அப்பா வழி அம்மா வழி மட்டும் கறாரா பிரிச்சு வச்சிருந்தாங்க. நம்ம பிள்ளைங்க பாடத்துல ‘அங்கிள்’னு வந்தா “மாமாவா சித்தப்பாவா?”ன்னு கேப்பாங்க, “அவங்க மொழியில அந்த வித்தியாசமே கிடையாதுப்பா”ன்னு சொல்லிடுவோம், நானும் ரொம்ப வருஷம் அப்படித்தான் நெனச்சிட்டு இருந்தேன். அது தப்பு. இருந்துச்சு, நடுவுல தொலைஞ்சு போச்சு.

தொலையறதுக்கு முன்னாடி எப்படி இருந்துச்சுன்னு பாக்கணும்னா அந்த பழைய இங்கிலீஷ்ல எழுதின பேவுல்ஃப் காவியத்துக்குத்தான் போகணும், நம்ம கையில இருக்கற ஒரே ஓலை, சாரி, தோல் பிரதி கிட்டத்தட்ட 1000-ஆம் ஆண்டு வாக்குல எழுதினது. அதுல கதாநாயகன் பேவுல்ஃப் ராஜா ஹூகெலாக்கோட தங்கச்சி பையனோ அக்கா பையனோ, எப்படியோ மருமகன், தாய்மாமன்கிட்ட இருந்துதான் வாளும் நிலமும் வாங்கறான். தாய்மாமன் மருமகன் உறவு அந்த ஜனங்களுக்கு அவ்ளோ பெருசு, முதல் நூற்றாண்டு கடைசியிலயே ரோமானியர் டாசிட்டஸ் ஜெர்மானிய இனங்களப் பத்தி எழுதும்போது, அக்கா தங்கச்சி பையன பெத்த அப்பா எப்படி பாப்பாரோ அப்படியே தாய்மாமனும் பாப்பார்னு குறிச்சு வச்சிருக்கார். அதே காவியத்துல ஒரு விருந்து காட்சி வரும், டேனிஷ் ராஜா ஹ்ரோத்கார் பக்கத்துல அவரோட அண்ணன் தம்பி மகன் ஹ்ரோதுல்ஃப் உக்காந்திருப்பான், அந்த ரெண்டு பேரையும் சேத்து கவிஞர் ஒரே சொல்லால சொல்லுவார்: ‘சுஹ்தெர்யெஃபேடெரன்’. அண்ணன் தம்பி மகனும் அவனோட சித்தப்பா பெரியப்பாவும்னு நாம இவ்ளோ நீட்டி சொல்றத ஒத்த வார்த்தையில முடிச்சிட்டார். இந்த சொல்ல முதல் தடவ பாத்தப்போ எனக்கு அப்படி ஒரு சந்தோஷம், இந்த மாதிரி ஒரு சொல் ஒரு மொழியில இருக்குன்னா அந்த ஜோடிக்கு ஊர்ல ஒரு இடம் இருந்திருக்கணும்ல.

சரி, எதுக்கு இவ்ளோ கறாரா பிரிச்சாங்க? அன்பு பாசம் ஒரு பக்கம், காசுக் கணக்கு ஒரு பக்கம். ஒருத்தன் கொலை பண்ணிட்டான்னா செத்தவனோட உயிருக்கு ஒரு விலை கட்டணும், ‘வெர்கில்ட்’னு பேரு, அத கொலைகாரனோட சொந்தக்காரங்களும் சேந்து கட்டுவாங்க, அப்பா வழிக்கு மூணுல ரெண்டு பங்கு, அம்மா வழிக்கு மூணுல ஒரு பங்கு. 9-ஆம் நூற்றாண்டு ஆல்ஃப்ரெட் ராஜாவோட சட்டத்துல, அப்பா வழி சொந்தமே இல்லாத ஒருத்தன் கொலை பண்ணிட்டா அம்மா வழி ஆளுங்க மூணுல ஒரு பங்கு கட்டணும்னு தனியா எழுதியே வச்சிருக்காங்க. அப்போ நீ ஃபேடெராவா ஏயமாங்கறது வாய் வார்த்தையில்ல, உன் வீட்டு மாடு எத்தன போகுங்கற விஷயம். பிரான்ஸ்ல இருந்து நார்மன்கள் வந்து நாட்ட பிடிச்சதுக்கப்புறம் கொலைங்கறது ராஜாவோட கோர்ட்டு விசாரிக்கற குத்தம் ஆச்சு, இந்த பங்குக் கணக்கு மெல்ல மெல்ல வழக்கொழிஞ்சிடுச்சு. இது ஒண்ணுதான் காரணம்னு நான் சொல்ல வரல, ஆனா ஒரு வித்தியாசத்துக்கு வேலை போயிடுச்சுன்னா அந்த வார்த்தையோட பிடி தளரும்னு நெனைக்கறேன்.

தளந்த நேரத்துல வந்து உக்காந்துச்சு பிரெஞ்சு. 1066-ல நார்மன் வில்லியம் இங்கிலாந்த பிடிச்சதும் நிலம், கோர்ட்டு, அரண்மனை எல்லாம் பிரெஞ்சு பேசறவங்க கைக்கு போச்சு. வாரிசு யாரு, பங்கு யாருக்குன்னு பேசற மொழியே அதான், அதனால 13-ஆம் நூற்றாண்டு வாக்குல அங்கிள், ஆன்ட், நெஃப்யூ, நீஸ், கசின் எல்லாம் இங்கிலீஷுக்குள்ள வந்துடுச்சு. அப்பா, அம்மா, அண்ணன் தம்பி, மகன், மகளுக்கான சொல்ல மட்டும் பிரெஞ்சால அசைக்க முடியல, தினம் அடுப்படியில புழங்கற வார்த்தைங்க அதெல்லாம். ‘சிஸ்டர்’ கொஞ்சம் வேற, பழைய ‘ஸ்வெயோஸ்டொர்’ வைக்கிங்குகளோட ‘சிஸ்டிர்’ கூட கலந்து இப்போ இருக்கற உருவத்துக்கு வந்துச்சு.

ஆனா உண்மையான சுவாரசியம் அந்த பிரெஞ்சு வார்த்தைங்களுக்குள்ள இருக்கு. ஏன்னா அதுங்களும் ஏற்கனவே இடிஞ்சு போன ஒரு வீட்டுல இருந்து வந்ததுதான். லத்தீன்லயும் நாலு பேருக்கு நாலு சொல் உண்டு: அப்பாவோட சகோதரர் ‘பட்ரூஸ்’, அம்மாவோட சகோதரர் ‘அவுங்குலுஸ்’, அப்பாவோட சகோதரி ‘அமிதா’, அம்மாவோட சகோதரி ‘மாதெர்தெரா’. லத்தீன் பிரெஞ்சா மாறும்போது இதுல ரெண்டு செத்துடுச்சு, ரெண்டு பொழைச்சுது, பொழைச்சதுல ஒண்ணு அம்மா பக்கம், இன்னொண்ணு அப்பா பக்கம். அவுங்குலுஸ்தான் ‘அங்கிள்’, அமிதாதான் ‘ஆன்ட்’. அதாவது வேர பிடிச்சு பாத்தா அங்கிள்னா தாய்மாமன், ஆன்ட்னா அத்தை! இன்னிக்கு நம்ம ஊர்ல பஸ்ஸுல “அங்கிள் கொஞ்சம் தள்ளுங்க”ன்னு முன்ன பின்ன தெரியாதவர கூப்பிடறோமே, அந்த சொல் ரோம்ல ஒருத்தனோட தாய்மாமனுக்குன்னே ஒதுக்கி வச்சிருந்த சொல்.

பழசு ஒரே நாள்ல சாகல. இங்கிலீஷ் கவிஞர் சாசர் 1380-கள்ல எழுதின ட்ராய்லஸ் க்ரிசைட் கவிதையில க்ரிசைடோட அங்கிள் பாண்டரஸ் அவ வீட்டுக்குள்ள நுழையும்போது அவ “வாங்க அங்கிள்”னுதான் வரவேற்கறா, கொஞ்ச நேரம் கழிச்சு என்ன பண்றதுன்னு யோசனை கேக்கும்போது அதே வாய் “ஈம்”னு கூப்பிடுது, அது நம்ம பழைய ஏயமேதான். ஒரே பொண்ணு, ஒரே மனுஷன், ஒரே பேச்சுல ரெண்டு வார்த்தை. மாற்றம்னா இப்படித்தான் இருக்கும், புதுசும் பழசும் ஒரே திண்ணையில உக்காந்திருக்கும், கொஞ்ச தலைமுறை கழிச்சு ஒண்ணு எழுந்து போயிடும். ஸ்காட்லாந்து பக்கமும் வட இங்கிலாந்துலயும் இந்த ஈம் ரொம்ப காலம் தங்குச்சு, டச்சுல ‘ஓம்’னு இன்னிக்கும் உசுரோட இருக்கு.

நெஃப்யூ கதை இன்னும் வழுக்கல். லத்தீன் ‘நெபோஸ்’க்கு பேரன்னும் அர்த்தம், அண்ணன் தம்பி அக்கா தங்கச்சி மகன்னும் அர்த்தம், அந்த ரெட்டை அர்த்தம் இங்கிலீஷுக்கும் தொத்திடுச்சு. 1611-ல வந்த ஜேம்ஸ் ராஜா பைபிள்ல அப்தோன்ங்கற நியாயாதிபதிக்கு 40 மகன்களும் 30 ‘நெஃப்யூ’க்களும் இருந்தாங்கன்னு வரும், எபிரேய மூலத்துல இருக்கறது மகன்களோட மகன்கள், பேரன்கள். இப்போ படிக்கறவங்க அது தெரியாம மருமகன்னு எடுத்துப்பாங்க. கசின் அதவிட தளர்ச்சி, லத்தீன்ல அம்மாவோட அக்கா தங்கச்சி பிள்ளைக்குன்னு இருந்தது, இங்கிலீஷ்ல எந்த சொந்தத்துக்கும் சொல்லலாம்னு ஆகி, ஷேக்ஸ்பியரோட ஹாம்லெட் நாடகத்துல ராஜா கிளாடியஸ் தன் அண்ணன் மகனயே கசின்னு கூப்பிடறார்.

கல்யாணத்தால வர்ற சொந்தத்துல நடந்ததுதான் எனக்கு மனசுக்கு கஷ்டமா இருக்கும். மாமனாருக்கு ‘ஸ்வெயோர்’, மாமியாருக்கு ‘ஸ்வெகெர்’, மருமகளுக்கு ‘ஸ்னோரு’, மருமகனுக்கு ‘ஆதும்’, கணவனோட அண்ணன் தம்பிக்கு ‘டாகொர்’னு தனித்தனியா இருந்துச்சு. இந்த டாகொரும் இந்தியில கணவன் தம்பிய சொல்ற ‘தேவர்’ங்கற சொல்லும் ஒரே தொல்மொழி வேர்ல இருந்து பொறந்ததுங்க, அவ்ளோ பழசு. எல்லாம் போய் அந்த இடத்துல ‘இன்-லா’ன்னு ஒரே ஒட்டு. இங்க லான்னா கோர்ட்டு சட்டம் இல்ல, சர்ச்சு சட்டம்: கட்டிக்கிட்டவளோட தங்கச்சி இனி உனக்கும் தங்கச்சி மாதிரி, பொண்டாட்டி செத்தாலும் அவள கட்டிக்கக் கூடாதுங்கற விதி. 1215-ல ரோம்ல கூடின லாத்தரன் சர்ச்சு சங்கத்துல ரத்த சொந்தத்துக்குள்ள கல்யாணத் தடைய, பொது மூதாதையில இருந்து எண்ணற ஏழு படியில இருந்து நாலு படியா குறைச்சாங்கன்னா சர்ச்சு இதுல எவ்ளோ உள்ள எறங்கி கணக்கு பாத்துச்சுன்னு தெரியும். 1300 வாக்குல ‘பிரதர்-இன்-லா’ எழுத்துல வருது, அதுக்கப்புறம் கணவனோட தம்பியும் அதான், பொண்டாட்டியோட அண்ணனும் அதான், அக்கா புருஷனும் அதான், சில சமயம் சகலைகூட அதான்.