லைப்ரரி: நூலகமா, நிரலகமா?

லத்தீனில் 'லிபெர்' என்றால் மரத்தின் உட்பட்டை. பிறகு புத்தகத்துக்கும் அதுவே பெயரானது. லைப்ரரி அந்த வழியில் வந்த சொல். மென்பொருளில் லைப்ரரி என்றால், பல நிரல்கள் (கணினிக்கான கட்டளை வரிசைகள்) எடுத்துப் பயன்படுத்தும் ஆயத்தத் துணைநிரல்களின் தொகுப்பு. இதற்கு ஒரு நிஜ அலமாரியே முன்னோடி. கேம்பிரிட்ஜில் 1949-இல் ஓடத் தொடங்கிய எட்சாக் கணினிக்கு, அடிக்கடி தேவைப்படும் துணைநிரல்களைக் காகித நாடாவில் துளையிட்டு அடுக்கி வைத்திருந்தார்கள். வேண்டியதைப் படியெடுத்துத் தம் நிரலோடு சேர்த்துக்கொள்வார்கள்.

தமிழில் 'நூலகம்' என்றால் புத்தகம்தான் நினைவுக்கு வரும். சேலம் பக்கத்து இளம்பிள்ளைத் தறிக்காரருக்கு நூலே பாவும் ஊடையும். 'நிரலகம்' பொருத்தம். நிரல் என்றால் வரிசை. நிரல்நிறை அணியில் இருப்பதும் இதே சொல். (பேச்சில் லைப்ரரி என்றே இருக்கட்டும்.) சட்டகம் (ஃபிரேம்வொர்க்) வேறு: நிரலகத்தை நம் நிரல் அழைக்கும், சட்டகமோ நம் நிரலை அழைக்கும்.

ஜக்கார்டு தறியில் துளையிட்ட அட்டைதான் புட்டாவைத் தீர்மானிக்கும். அட்டையை மாற்றினால் புட்டா மாறும்; தறியைப் பிரிப்பதில்லை. நிரலகத்துக்கும் அந்த அட்டை போல, மாறக்கூடியது வெளியிலிருந்து வரவேண்டும். சேலம் செவ்வாய்ப்பேட்டை கொலுசுக் கடைகளுக்கு விலை கணக்கிடும் நிரலகம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஒரு கடை கூலியைக் கிராமுக்குப் போடும், இன்னொன்று ஜோடிக்கு. கடைப் பெயரைப் பார்த்து உள்ளே 'இஃப்' (இந்தக் கடை என்றால் இப்படி என்ற நிபந்தனை) எழுதினால், ஒவ்வொரு புதுக் கடைக்கும் நிரலகத்தையே திறக்க வேண்டும். ஒரு கடைக்காகத் திருத்தியது இன்னொரு கடையின் பில்லைக் கெடுக்கும். கூலிக் கணக்கை ஒரு ஃபங்ஷனாக (தனியே அழைக்கக்கூடிய சிறு நிரலாக) வெளியிலிருந்து வாங்குங்கள். தராவிட்டால் கிராம் கணக்கு என்று இயல்புநிலை (டிஃபால்ட்) வையுங்கள். அன்றைய வெள்ளி விலையைப் பொது மாறியில் (நிரல் முழுவதும் பகிரும் ஒரே இடத்தில்) வைக்கவே கூடாது. ஒரே சர்வரில் இரண்டு கடைகளின் பில் ஒரே நேரத்தில் ஓடினால், ஒன்றின் விலை மற்றதில் ஏறிவிடலாம். ஒரு பில்லை வைத்துச் சோதிக்கும்போது இது தெரியவே தெரியாது. எடையை மில்லிகிராமிலும் தொகையைப் பைசாவிலும் முழு எண்ணாக வையுங்கள்; புள்ளி வைத்த ஃப்ளோட் எண்ணாக வைத்தால், கணினி அதை இரும முறையில் தோராயமாகவே வைப்பதால், 0.1 + 0.2 கூடச் சரியாக 0.3 வராது.

பதிப்பு எண் 1.4.2 என்றால், பிழை திருத்தம் கடைசி எண்ணைக் கூட்டும், பழையதைக் கெடுக்காத புது வசதி நடு எண்ணை. பழைய நிரலைக் கெடுக்கும் மாற்றம் முதல் எண்ணை: பெயர் சொல்லித் தரும் அளபுருவின் (ஃபங்ஷனுக்குத் தரும் மதிப்பின்) பெயரை மாற்றினாலே 2.0.0.

முதல் கடைக்கு எழுதும்போதே நிரலகமாகப் பிரிக்க வேண்டாம். எது மாறும், எது மாறாது என்பது மூன்றாவது கடை வரும்போதுதான் பிடிபடும்.