மெட்ரோபாலிட்டன் ஏரியா: மாநகராட்சி அல்ல, பெருநகர்ப் பகுதி

அமெரிக்காவில் எந்த ஊருக்கு எந்த மானியம் என்பதை ‘மாநகராட்சி எல்லை’ முடிவு செய்கிறதாம். இந்த வாரமும் ஒரு மொழிபெயர்ப்பில் படித்தேன். மூலத்தில் இருப்பது மெட்ரோபாலிட்டன் ஏரியா. அதற்கும் மாநகராட்சிக்கும் ஸ்நானப்பிராப்திகூடக் கிடையாது.

வேர் எளிது. கிரேக்கத்தில் தாய் + நகரம். குடியேற்றங்களை அனுப்பிவைத்த மூல ஊர். அதற்காகத் ‘தாய்நகர்’ என்று ஆக்கினால் கேட்க நன்றாக இருக்கும், விளங்காது.

மாநகராட்சி என்றால் மேயர், கவுன்சிலர், வீட்டுவரி ரசீது. மெட்ரோபாலிட்டன் ஏரியா கணக்குக்காகவும் திட்டமிடலுக்காகவும் போட்ட கோடு. அதற்கு மேயர் இல்லை. குன்னூரிலிருந்து வெலிங்டன் வழியாக அருவங்காடு பக்கம் வாருங்கள். நகராட்சி முடிந்து கன்டோன்மென்ட் (ராணுவப் பகுதிக்கான தனி நிர்வாகம்) வரும், கடைகளும் வீடுகளும் தம் பாட்டுக்குத் தொடரும். இப்படிப் பல நிர்வாகங்களைத் தாண்டிப் படர்ந்த ஊரைத்தான், பெரிய அளவில், அந்தச் சொல் குறிக்கிறது.

‘மாநகரப் பகுதி’ என்றால் என்ன கெட்டுப்போயிற்று, மா என்றாலும் பெரு என்றாலும் ஒன்றுதானே என்பார்கள். நிகண்டில் ஒன்றுதான். ஆனால் ‘மாநகர்’ என்றதும் காது ‘ஆட்சி’யைத் தானே ஒட்டிக்கொள்கிறது. சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம் (CMDA) ‘பெருநகர்’ என்ற சொல்லைச் சரியாகவே பயன்படுத்துகிறது. அதன் எல்லை 2022-இல் 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 ஆக விரிந்து அரக்கோணம்வரை போனது. அரக்கோணத்துக்காரர் வரி கட்டுவது இன்றும் தம் நகராட்சிக்குத்தான். மாநகராட்சியோ 426 சதுர கிலோமீட்டர். அதற்குப் போய் ‘பெருநகர சென்னை மாநகராட்சி’ என்று பெயர் வைத்து, இருந்த தெளிவையும் கலக்கிவிட்டார்கள்!

அமெரிக்கக் கணக்குக்கு வருவோம். ஐம்பதாயிரம் பேராவது உள்ள நகர்மையம், வேலைக்குப் போய்வரும் போக்கால் அதோடு பிணைந்த சுற்றுக் கவுண்டிகள் (நம் மாவட்டம் போன்றவை): இவ்வளவுதான் பெருநகர்ப் பகுதி. சமுதாய மேம்பாட்டு மானியம் மத்திய அரசிடமிருந்து அதன் முதன்மை நகருக்கு நேராகப் போகும். வெளியே உள்ள சிற்றூர் மாநில அரசிடம் போய் நிற்க வேண்டும். ஊரக மருத்துவமனைச் சலுகைகள் பலவற்றில் நேர்மாறு: கோட்டுக்கு வெளியே இருந்தால்தான் லாபம். ஐம்பதாயிரத்தை ஒரு லட்சமாக்கலாம் என்று 2021-இல் யோசனை வந்தபோது சிறு நகரங்கள் கொதித்தன; கைவிட்டார்கள்.

நம் அரசியலமைப்பின் 74-ஆம் திருத்தத்தில் இதே சொல்லுக்குப் பத்து லட்சம் மக்கள் வேண்டும், ஆளுநர் அறிவிக்கவும் வேண்டும். 2011 கணக்கில் ஊட்டி நகராட்சியில் 88,430 பேர். அமெரிக்க அளவுகோலுக்கு அது தாராளம். நம் அளவுகோலுக்கோ, 7,35,394 பேர் கொண்ட நீலகிரி மாவட்டம் முழுவதையும் சேர்த்தாலும் எட்டாது.

இது சொல் விளையாட்டென்று தள்ள முடியாது. கிராம ஊராட்சியை நகராட்சியோடோ மாநகராட்சியோடோ இணைத்தால் ஊரக வேலை உறுதித் திட்டம் போகும், வீட்டுவரி ஏறும். பெருநகர்ப் பகுதிக்குள் வந்தால் மட்டும் அப்படியில்லை. ஊராட்சி ஊராட்சியாகவே இருக்கும். ஊராட்சி இணைப்பைக் கண்டு நீலகிரி மலைக்காரர் பயப்படுவது நியாயம். இரண்டையும் ‘மாநகராட்சி’ என்றே எழுதித் தள்ளும் மொழிபெயர்ப்பாளருக்கு வீட்டுவரி ரசீதைப் பார்த்த பழக்கமே இல்லை போலும். ‘பெருநகர்ப் பகுதி’ வாயில் நுழையாவிட்டால் மெட்ரோபாலிட்டன் ஏரியா என்றே எழுதட்டும், பரவாயில்லை.